தீவகக் கலை: பொலன்னறுவைத் திருமேனிகளும் கெல்ட்டியர் கைவினையும்

நூதனசாலைக்குச் செல்வோருட் பெரும்பாலார் பொருளை நோக்குமுன் அதன் அருகே வைக்கப்பட்டுள்ள பெயர்ச்சீட்டையே நோக்குவர். சீட்டைப் படித்தபின் பொருளின்மேல் ஒரு பார்வை. பின்னர் அடுத்த சீட்டு. கற்றாரும் இவ்வழக்கத்திற்கு விலக்கல்லர். பொருள் வாய் பேசாது, சீட்டுப் பேசும். ஆதலின் சீட்டிலே பொறித்த நான்கைந்து சொற்கள் ஒரு நூற்றாண்டுக் காலம் மக்களின் கண்ணை ஆளும் வலிமை பெற்றுவிடுகின்றன. இடைக்காலத்தின் தொடக்கப் பகுதியைச் சேர்ந்த கலைப்பொருள்களே இவ்வலிமைக்கு மிகுதியும் ஆளானவை. அவற்றைச் செய்தார் தம் பெயரைப் பெரும்பாலும் பொறித்து வைத்தாரல்லர். பெயரில்லாப் பொருளுக்கு ஒரு பெயர் சூட்டவேண்டி வந்தபோது, அறிஞர் பெரும்பாலும் ஓர் இனத்தின் பெயரையோ ஓர் அரச மரபின் பெயரையோ எடுத்துச் சூட்டினர். அப்பெயர்கள் பொருளை விளக்கினவோ மறைத்தனவோ என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒன்றுக்கொன்று நேர்மாறான இரு செய்திகளை முதலில் நோக்குவோம். அயர்லாந்திலே, மீத் மாவட்டத்துக் கடற்கரையூராகிய பெட்டிஸ்டவுனில், 1850ஆம் ஆண்டு பொன்முலாம் பூசிய வெள்ளிப் பதக்க ஊசி ஒன்று கிடைத்தது. மேலாடையைத் தோளிலே பிணைப்பதற்கு அக்காலத்து மேன்மக்கள் அணிந்த அணி அது, ஏறக்குறைய கி.பி. 700ஆம் ஆண்டளவில் செய்யப்பட்டது. அதனை வாங்கிய டப்ளின் நகர் நகை வணிகர் வாட்டர்ஹவுஸ் என்பார், அதன் போலிகளைச் செய்து விற்க எண்ணி, அயர்லாந்தின் பழைய பேரரசர் வீற்றிருந்ததாகக் கூறப்படும் தாரா மலையின் பெயரை அதற்கு இட்டார். தாராவுக்கும் அவ்வணிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் இன்றுவரை அது 'தாராப் பதக்கம்' என்றே உலகெங்கும் வழங்குகின்றது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். பொலன்னறுவையிலே முழுவதும் கருங்கல்லால் எழுப்பப்பட்டு, இன்றும் விமானத்தோடு நிற்கும் சிவாலயம் ஒன்றுண்டு. அதன் சுவர்களிலுள்ள தமிழ்ச் சாசனங்கள் அதனை வானவன்மாதேவி ஈச்சுரம் எனத் தெளிவாகக் குறிக்கின்றன. ஆனால், தொல்பொருளாராய்ச்சியாளர் அதற்குக் கொடுத்த பெயர் 'இரண்டாம் எண் சிவ தேவாலயம்' என்பதே. வழிகாட்டி நூல்களிலும் அப்பெயரே; ஊரார் வாயிலும் அப்பெயரே. அங்கே, இல்லாத அரச பெயரை ஒரு வணிகர் பெற்றுக்கொடுத்தார். இங்கே, கல்லிலே எழுதியிருந்த அரசியின் பெயரை ஓர் எண் விழுங்கிவிட்டது. எண்ணிடுதல் அகழ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது என்பதை மறுப்பாரில்லை. இடிபாடுகளிடையே ஒன்றன்பின் ஒன்றாகக் கோயில்கள் வெளிப்படும்போது எண்ணைத் தவிர வேறு வழியில்லை. ஆயினும், சாசனம் படிக்கப்பட்டபின்னும் எண்ணே பெயராக நிலைத்தமை அறிவுத்துறைக்கு அழகன்று.

அயர்லாந்தை ஈண்டு இழுத்துவருவது ஏன் என வாசகர் வினவலாம். காரணம் உண்டு. பெருநிலம் ஒன்றின் அருகே கிடக்கும் தீவு. அப்பெருநிலத்திலிருந்து வந்த சமயமும் எழுத்தும். அவற்றை ஏற்றுத் தன் கைத்திறத்தால் வேறொன்றாக்கிய மக்கள். பின்னர் அக்கலை யாருடையது எனப் பிற்காலத்தார் தொடுத்த வழக்கு. இவையனைத்தும் அங்கும் உள, இங்கும் உள. அவர்கள் அவ்வழக்கை நெடுங்காலம் நடத்திக் களைத்து ஒருவாறு முடிவுகண்டனர். நாம் இன்னும் நடத்திக்கொண்டிருக்கின்றோம்.

'கெல்ட்டியர்' என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். கிரேக்கரும் உரோமரும் ஐரோப்பியப் பெருநிலத்து மக்கள் சிலரை அப்பெயரால் அழைத்தனர். அயர்லாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து ஆகிய நாடுகளின் பழைய மக்கள் தம்மை அவ்வாறு அழைத்துக்கொண்டதற்குச் சான்றில்லை. 1707ஆம் ஆண்டு எட்வர்ட் லூயிட் என்னும் அறிஞர் அவர்தம் மொழிகள் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை எனக் காட்டி, அக்குடும்பத்திற்குக் கெல்ட்டியம் எனப் பெயரிட்டார். மொழிக்கு இட்ட பெயர் பின்னர் மக்களுக்காயிற்று. மக்களுக்காகிய பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கலைக்கும் ஆயிற்று. 1856ஆம் ஆண்டு கால்டுவெல் ஐயர் தம் ஒப்பிலக்கணத்தில் ஆண்ட 'திராவிட' என்னும் சொல் அடைந்த வளர்ச்சியை அறிந்தோருக்கு இக்கதை புதிதன்று. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நம் சிற்ப நூலார் நாகரம், வேசரம், திராவிடம் எனக் கோயில் வகுத்தபோது, அச்சொல் விமானத்தின் வடிவைக் குறித்ததேயன்றிக் கட்டுவித்தவனின் குருதியைக் குறித்ததன்று. அந்நுட்பத்தை நாம் மறந்துவிட்டோம்.

இனப்பெயரை நம்பிப் பொருளை அணுகுவார் எங்கே இடறுவர் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1891ஆம் ஆண்டு டென்மார்க்கிலே, சதுப்பு நிலமொன்றில், குண்டஸ்திரப் கொப்பரை எனப்படும் பெரிய வெள்ளிப் பாத்திரம் கிடைத்தது. அதன் தகடொன்றில், மான்கொம்பு சூடிய தெய்வம் ஒன்று விலங்குகள் சூழக் கால்களை மடக்கி அமர்ந்திருக்கக் காணலாம். கெல்ட்டியக் கலை பற்றிய நூல்களில் இடம்பெறத் தவறாத உருவம் இது. ஆனால் பொருள் கிடைத்ததோ டென்மார்க்கில். வேலைப்பாடோ கருங்கடலை அடுத்த திரேசிய நாட்டுக் கம்மியருடையது எனப் பல அறிஞர் கருதுகின்றனர். அதன் மற்றொரு தகட்டில் யானையும் உண்டு. இத்தனை நாட்டுத் தொடர்புடைய ஒரு பொருளை ஓரினத்தின் முத்திரையாக்குதல் எங்ஙனம் பொருந்தும்? நம்மவருட் சிலரோ இதற்கும் ஒருபடி மேலே சென்று, அக்கொம்புத் தெய்வத்தையும் மொகெஞ்சதாரோ முத்திரையில் அமர்ந்துள்ள உருவத்தையும் அருகருகே வைத்து, இரண்டும் பசுபதியே எனக் கூறி மகிழ்வர். இரண்டிற்கும் இடையே ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகள் கிடக்கின்றன. கால் மடக்கி அமர்தல் மனிதர்க்கு இயல்பு. நாற்காலி இல்லாத நாடெங்கும் அவ்வாறே அமர்வர். அயர்லாந்துச் சுவடிகளின் பின்னல் வேலையைப் படத்திலே கண்ட நம் மாணவியர் உடனே "சிக்குக் கோலம்" என்பர். அவர் கண் கூரியது; பாராட்டத்தக்கது. ஆனால் ஒப்புமை உறவாகிவிடாது. ஒரு கோட்டைக் கையெடுக்காமல் இழுத்து, புள்ளியைச் சுற்றி, தொடங்கிய இடத்திலேயே முடிக்க விரும்பும் கைகள் எந்நாட்டிலும் பிறக்கலாம்.

மேனாட்டறிஞர் கண்ட முடிவு யாது? ஏழாம் எட்டாம் நூற்றாண்டுகளில் அத்தீவுகளிலே எழுந்த சுவடிகளையும் உலோகப் பொருள்களையும் ஆராய்ந்தபோது, 'இது ஐரிஷ்', 'இது ஆங்கிலம்' எனப் பிரித்தல் இயலாதென்பது மெல்ல மெல்லப் புலனாயிற்று. டரோ நூல் என்னும் விவிலியச் சுவடி அயர்லாந்தில் எழுதப்பட்டதா, ஐயோனாத் தீவிலா, வட இங்கிலாந்தின் நார்த்தம்பிரியாவிலா என்னும் வாதம் முடிந்தபாடில்லை. கெல்ஸ் நூல் ஐயோனாவில் தொடங்கப்பெற்றுக் கெல்ஸ் மடத்தில் நிறைவுற்றதோ என்பதும் அவ்வாறே. அவற்றின் ஏடுகளிலே சுருள்கோலம் பழைய கெல்ட்டிய மரபினது. ஒன்றையொன்று கவ்விப் பின்னிக்கிடக்கும் விலங்குருக்கள் செருமானிய மரபினவை. நூலோ மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து வந்த கிறித்தவ மறை. 1939ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சட்டன் ஹூ என்னுமிடத்தில், ஆங்கிலோ-சாக்சன் பெருமகன் ஒருவனின் கப்பற் புதைகுழியைத் திறந்தபோது, அதனுள்ளே கெல்ட்டியச் சுருள்வேலை அமைந்த தொங்குகலங்கள் கிடந்தன. அவற்றுட் பெரியதன் நடுவே, சுழலத்தக்கதாய் ஓர் உலோக மீன் நிறுத்தப்பட்டிருந்தது. பகைவர் எனப் பாடநூல் கூறும் இரு சாராரின் கைவினை ஒரே குழியில்! ஆகவே இனப்பெயரைச் சற்றே விலக்கி, 'தீவகக் கலை' என ஒரு பெயரை அறிஞர் வழங்கலாயினர். தீவுகளில் எழுந்த கலை என்பதே அதன் பொருள். அது யாருக்கும் முழு வெற்றி தராத பெயர்; ஆதலாலேயே நல்ல பெயர். 2015ஆம் ஆண்டு இலண்டன் பிரித்தானிய நூதனசாலையும் ஸ்கொட்லாந்து தேசிய நூதனசாலைகளும் இணைந்து நடத்திய கெல்ட்டியர் பற்றிய பெருங்காட்சியும், யார் கெல்ட்டியர் என்னும் வினாவையே நடுநாயகமாகக் கொண்டிருந்தது.

இவ்வளவுகோலை ஏந்தி நம் மலைநாட்டினின்று புறப்படுவோம். ஹட்டனிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ பொலன்னறுவைக்குச் செல்வார் கண்டி, மாத்தளை, தம்புள்ளை வழியே செல்வர். மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே நாலந்தா என்னும் ஊரில், பாதையிலிருந்து சிறிது தூரத்தே, கற்றளி ஒன்று நிற்கின்றது. நாலந்தா கெடிகே என்பது அதன் பெயர். அமைப்பால் அது பல்லவர் காலத் தமிழகக் கோயில், வழிபாட்டால் பௌத்தம். எட்டாம் நூற்றாண்டென்பாரும் அதற்குப் பிந்தியதென்பாரும் உளர். மகாவலித் திட்டத்தின்போது நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடாதவாறு கல்கல்லாகப் பெயர்த்தெடுத்து மேட்டிலே மீண்டும் கட்டினர். சைவமா பௌத்தமா, தமிழா சிங்களமா என அதனிடம் வினவுவோர் விடை பெறாமலே திரும்புவர். தீவகக் கலை என்னும் பெயர் அதற்குப் பொருந்துவதுபோல் வேறெதற்கும் பொருந்தாது. மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை வழியே காட்டிலும் கொள்ளைநோயிலும் பலரைப் பறிகொடுத்து, மாத்தளை நோக்கி நடந்த கோப்பிக்காலத்து நம் முன்னோர் கடந்துசென்றதும் இப்பாதையே. அக்கற்றளியை அவருள் எவரேனும் கண்டனரோ, அறியோம். கண்டிருப்பின், தம் மாவட்டத்துப் பழங்கோயிலெனவே எண்ணியிருப்பர்.

பொலன்னறுவையின் வரலாறு வாசகர் அறிந்ததே. கி.பி. 993ஆம் ஆண்டளவில் இராசராசனின் படை ஈழத்தின் வடபகுதியைக் கைப்பற்றியது. 1017இல் இராசேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். பொலன்னறுவை ஜனநாதமங்கலம் ஆயிற்று. 1070இல் முதலாம் விசயபாகு சோழரை அகற்றினான். ஆயின் கலையின் வரலாறு அரசியலின் வரலாற்றோடு ஒரே நாளில் முடிவதன்று. அங்குக் கிடைத்த செப்புத் திருமேனிகளுள் பல பன்னிரண்டாம் பதின்மூன்றாம் நூற்றாண்டுகளுக்கும் உரியனவாக மதிக்கப்படுகின்றன. அதாவது, சோழர் சென்றபின்னும் சிங்கள மன்னர் ஆண்ட நகரிலே சிவாலயங்கள் இயங்கின, திருமேனிகள் வார்க்கப்பட்டன, விழாக்கள் நடந்தன. அந்நகரிலேயே வேளைக்காரப் படையினர் பொறித்த தமிழ்ச் சாசனமும் உண்டு. புத்தரின் தந்த தாதுவைக் காக்கும் பொறுப்பைத் தமிழ்ப் படையினர் ஏற்றுக்கொண்டதை அது கூறுகின்றது. 'சோழர் காலத்து வெண்கலம்' என ஒரு சீட்டு எழுதுமாயின், அது பாணியைக் குறிக்குமேயன்றி ஆட்சியைக் குறிக்காது என்பதை உடன் சொல்லுதல் கடன். சொல்லாவிடின், காண்போர் படையெடுப்பின் எச்சத்தையே காண்பர். ஒரு நகரின் வாழ்வைக் காணார்.

அத்திருமேனிகள் வெளிவந்த வரலாறு சுருக்கமானது. தொல்பொருள் ஆணையாளராகிய எச். சி. பி. பெல் அவர்கள் 1907ஆம், 1908ஆம் ஆண்டுகளில் சிவாலய இடிபாடுகளிடையே அவற்றைக் கண்டெடுத்தார். 1960ஆம் ஆண்டு ஐந்தாம் எண் சிவாலயத்தில் மேலும் பல கிடைத்தன. இன்று அவை கொழும்புத் தேசிய நூதனசாலையிலும் பொலன்னறுவை நூதனசாலையிலுமாகப் பிரிந்துள்ளன. சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் அவற்றைச் சைவ நெறியோடு இணைத்து விளக்கினார். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள் 1914ஆம் ஆண்டு கொழும்பு நூதனசாலை வெளியீடாக அவற்றைப் பற்றித் தனிநூல் எழுதினார். 1908ஆம் ஆண்டு கண்டி நாட்டுக் கைவினைகளைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட அதே அறிஞர், சில ஆண்டுகளில் சைவத் திருமேனிகளையும் அதே அன்போடு ஆராய்ந்தமை நினையத்தக்கது. அவருக்கு இரண்டும் ஒரு தீவின் செல்வங்களே.

எனினும், 1918ஆம் ஆண்டு வெளிவந்த 'சிவநடனம்' என்னும் அவர்தம் நூலின் புகழால் நமக்கு ஓர் இடையூறும் நேர்ந்தது. நடராச வடிவின் தத்துவத்தை உண்மை விளக்கம் முதலிய சித்தாந்த நூல்கள் கொண்டு அவர் விளக்கிய விளக்கம் அத்துணை ஆற்றல் வாய்ந்ததாதலின், அதன்பின் நம்மவர் திருமேனியைப் பார்ப்பதை விட்டுத் தத்துவத்தைப் பார்க்கலாயினர். துடி படைத்தல், அமைத்த கை காத்தல், அனல் அழித்தல் என ஒப்பித்துவிட்டால் கலை ஆராய்ச்சி முடிந்ததாகக் கருதுகின்றனர். தத்துவம் எல்லா நடராச வடிவத்திற்கும் ஒன்றே. கடைத்தெருவில் விற்கும் அச்சுவார்ப்பிற்கும் அதுவே; பொலன்னறுவைத் திருமேனிக்கும் அதுவே. நல்ல வார்ப்பை அல்லாததினின்று பிரித்துணரக் கற்பிக்காத விளக்கம், எத்துணை உயர்ந்ததாயினும், கலைத்திறனாய்வு ஆகாது. இது குமாரசுவாமியின் குறையன்று. அவரை மனனஞ்செய்தோர் குறை.

வேறு சிலர் இத்திருமேனிகளைத் தஞ்சைத் திருமேனிகளோடு வைத்து நோக்கி, உறுப்பமைதி சற்றே தடித்தது, நளினம் குறைந்தது எனக் கூறி, 'மாகாணக் கலை' என ஒதுக்குவர். இதுவும் நேர்மையான அளவையன்று. கெல்ஸ் நூலில் வரும் மனித உருவங்களை உரோமச் சிற்பத்தை அளவாகக் கொண்டு நோக்கின், அவை யாவும் தோல்வியே. முகம் விறைத்து, தலைமயிர் சுருள்கோலமாகி, ஆடையின் மடிப்பு உடலோடு ஒட்டாது நிற்கும். அதனால் எவரும் அதனை உரோமக் கலையின் ஈற்றயற் கந்தல் என்று இகழ்ந்தாரல்லர். அதன் கலைஞர் விரும்பியது வேறு. விரும்பியதை முற்றச் செய்தனர். பொலன்னறுவைக் கம்மியர் விரும்பியது யாது என்பதே கேட்கத்தக்க வினா.

அதற்கு விடை அடியார் திருமேனிகளில் உள்ளது. நால்வரின் உருவங்களும் அங்கே கிடைத்துள்ளன. ஓரிடத்து இடிபாடுகளிலே அடியார் படிமங்கள் இத்துணை சிறப்பாக அமைந்து வெளிப்பட்டமை கருதத்தக்கது. மணக்கோலத்திலே தடுத்தாட்கொள்ளப்பட்ட சுந்தரர் அணிகலன்களோடு நிற்கின்றார். அழைத்த குரலைக் கேட்டுத் திகைத்த இளைஞனின் நிலை அவ்வுடலின் வளைவில் உள்ளது. மாணிக்கவாசகர் சுவடியேந்திய ஆசிரியர். தெய்வ உருவத்திற்குத் தாளமும் அளவும் சிற்ப நூல் வகுத்தபடி அமையவேண்டும்; மனிதராகிய அடியாரை வார்க்கும்போது கம்மியனுக்குச் சிறிது உரிமை கிடைக்கின்றது. அவ்வுரிமையை இத்தீவின் கம்மியர் முழுதும் பயன்கொண்டனர் என்பது என் துணிபு.

அவற்றுள்ளும் காரைக்காலம்மையார் திருமேனியின் முன் நெடுநேரம் நிற்கவேண்டும். சதை வற்றி, என்பு தோன்றி, கொங்கை சுருங்கி, கையில் தாளமேந்தி அமர்ந்துள்ள அம்மூதாட்டியின் வடிவம், பெண்ணழகைப் பாடியும் வார்த்தும் சலியாத ஒரு மரபினுள்ளே பிறந்தது என்பதே வியப்பு. வணிகர் குலத்துப் புனிதவதி தன் அழகை உதறிப் பேய்வடிவு வேண்டிய கதையைக் கம்மியன் அறிவான். ஆனால் அவன் வார்த்தது அச்சுறுத்தும் பேயையன்று. உழைத்து உலர்ந்த உடலில் பாட்டின் மகிழ்ச்சி ஏறிய முகத்தை வார்த்தான். மெலிவை அருவருப்பாகக் காட்டுதல் எளிது. அழகாக்கி மறைத்தல் அதனினும் எளிது. இரண்டையும் விலக்கி நின்றது அவன் பெருமை. என் மாணவியருள் ஒருத்தி அத்திருமேனியின் படத்தைக் கண்டு, "எங்கள் லயத்து அப்பாயி போல" என்றாள். அச்சொல்லைத் திருத்த எனக்குத் தோன்றவில்லை. உடலுழைப்பால் ஒட்டிய விலாவை வீட்டிலே காணும் கண்ணுக்கு, அக்கம்மியன் கண்டது எளிதிற் புலப்படுகின்றது.

இனி, பொருளின் பயனைக் கொண்டு அதன் அழகை அறிதல் என்னும் நெறிக்கு வருவோம். 1868ஆம் ஆண்டு அயர்லாந்தின் லிமரிக் மாவட்டத்தில், உருளைக்கிழங்குக் கொல்லையைக் கிண்டியபோது, ஆர்டா கிண்ணம் எனப்படும் திருவிருந்துக் கிண்ணம் கிடைத்தது. எட்டாம் நூற்றாண்டினது, வெள்ளி, பொன், செம்பு, கண்ணாடி முதலியவற்றாலான 350க்கு மேற்பட்ட துண்டுகளை இணைத்துச் செய்தது. அதன் மிக நுண்ணிய வேலைப்பாடுகளுள் ஒரு பகுதி அடிப்பாதத்தின் கீழ்ப்புறத்திலே, ஒரு படிகக் கல்லைச் சூழ அமைந்துள்ளது. பீடத்தில் நிமிர்ந்து நிற்கும்போது அதனை ஒருவரும் காணார். குரு கிண்ணத்தை உயர்த்தும்போது மட்டுமே எதிரே நிற்பார்க்கு அது தோன்றும். வழிபாட்டை அறியாதான் ஒருவன், மறைவான இடத்தில் இத்தனை உழைப்பு வீணே என்பான்.

நம் உற்சவத் திருமேனிகளும் இத்தகையனவே. மெழுகிலே உருச்செய்து, மண்பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்து, பின் அம்மண்ணை உடைத்தெடுப்பது நம் முறை. அச்சு உடைந்துபோவதால் ஒவ்வொன்றும் ஒரே ஒன்று. முதுகுப்புறமும் முகப்புறம்போலவே முற்றச் செய்யப்படுகின்றது. பீடத்திலே துளைகளும் வளையங்களும் உள. நூதனசாலையிற் காண்போர் இவற்றைக் கவனியார். கவனிப்பினும் ஏனென்று அறியார். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிலே சுவாமி தூக்கிய ஒருவருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. தண்டு செருகவும் கயிறு பிணிக்கவும் அத்துளைகள் வேண்டும். மேற்கணக்கிலிருந்து கீழ்க்கணக்கிற்குச் செங்குத்தான பாதையிலே இறங்கும்போது சுவாமி சாயாதிருப்பது அவற்றால்தான். பட்டும் மாலையும் சாத்தியபின் ஊரார் காண்பது முகம் ஒன்றே. முழு உருவையும், முதுகின் வளைவையும், அபிடேக வேளையில் கைபடக் காண்பவர் அருச்சகர். நூதனசாலையோ எந்த அடியாரும் காணாத நிலையில், ஆடையும் மாலையும் ஒளியும் ஒலியுமின்றித் திருமேனியை நிறுத்துகின்றது. இதனால் நன்மையும் உண்டு: கம்மியன் கண்ட வடிவை நாமும் முழுதாகக் காண்கின்றோம். தீமையும் உண்டு: அசைவதற்காகச் செய்யப்பட்ட ஒன்று அசையாப் பொருளாகின்றது. இவ்விரண்டையும் காண்போர்க்கு உணர்த்துவதே சீட்டின் கடமை.

மலையகத்தார்க்கு இவ்வாராய்ச்சி ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே அக்குறை பெரும்பாலும் தீரப்பெற்ற சமுதாயம் நம்முடையது. 'நேற்று வந்தவர்' என்னும் சொல்லைப் பலமுறை கேட்டவர் நாம். அதற்கு மறுமொழியாக, மேடையேறுவார் சிலர் பொலன்னறுவைத் திருமேனிகளைக் காட்டி, "சோழன் ஆண்ட மண் இது, நாம் அவன் வழித்தோன்றல்" என முழங்குவர். அம்முழக்கத்தை யான் ஏற்கேன். நம் பாட்டன்மார் இராசேந்திரன் படையோடு வந்தாரல்லர். கடன் துண்டைச் சுமந்து கங்காணியின் பின்னே வந்தனர். வெட்டியது காட்டை; நட்டது கோப்பியும் தேயிலையும். வாழும் உரிமைக்குப் பழமையும் வெற்றியுமே சான்று என ஒப்புக்கொண்டால், நம்மை மறுத்தாரின் கொள்கையையே நாமும் தழுவியவராவோம். 'படையெடுத்தார் விட்டுச்சென்ற எச்சம், இத்தீவின் கலையன்று' என்று இத்திருமேனிகளைத் தள்ளுவாரும், 'இவை எம் குலச்சொத்து' என்று அள்ளுவாரும் ஒரே பிழையை இரு கையால் எழுதுகின்றனர். இரு சாராரும் திருமேனியைக் காணவில்லை, உறுதிப்பத்திரத்தையே காண்கின்றனர். நமக்கு அதன்மேலுள்ள தொடர்பு வேறு. அது செய்யப்பட்ட பயனை நாம் இன்னும் வழக்கிற் கொண்டுள்ளோம். டப்ளின் நூதனசாலையில் ஆர்டா கிண்ணத்தின் முன் நிற்கும் கத்தோலிக்கக் குடியானவனுக்கு அதன்மேல் எவ்வகை அறிவுண்டோ, அவ்வகை அறிவு நமக்கு இதன்மேல் உண்டு.

ஊர் நூதனசாலைகளைப் பற்றியும் ஒரு சொல். 1958ஆம் ஆண்டு, ஸ்கொட்லாந்திற்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளிலுள்ள நினியன் தீவில் நடந்த அகழ்விலே, உதவிக்கு வந்திருந்த பள்ளிச் சிறுவன் ஒருவன் கற்பலகையொன்றின் கீழே 28 வெள்ளிப் பொருள்களைக் கண்டான். அவை எடின்பரோவிலுள்ள தேசிய நூதனசாலைக்குச் சென்றன; கண்டெடுத்த தீவுகளின் நூதனசாலைக்குக் கிடைத்தவை போலிகளே. தலைநகர் நூதனசாலை பொருளைப் பாதுகாக்கும். ஊர் நூதனசாலை பொருளுக்கு இடத்தைத் தரும். பொலன்னறுவைத் திருமேனிகளில் ஒரு பகுதியேனும் தம் ஊரிலேயே இருப்பது நற்பேறு. அவ்வாறே, கம்பளைக்கு அண்மையில் பழைய பீகொக் தோட்டத்தின் லயன் அறைகளில், 2007ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையும் இடத்தை விட்டு நீங்காத நூதனசாலையே. அங்குச் செல்லும் முதியவர்க்குக் கவ்வாத்துக் கத்தியின் பெயரைச் சீட்டிலே படிக்கவேண்டிய தேவையில்லை. சீட்டை எழுதினாரே அவரிடம் கேட்டு எழுதியிருத்தல் வேண்டும். பழந்திருமேனிகளுக்கும் அம்முறையைக் கையாளலாகாதோ?

ஆகவே, மாணவரைப் பொலன்னறுவைக்கு அழைத்துச்செல்லும் ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். நூதனசாலையில் தொடங்கற்க. முதலில் நாலந்தாவில் இறங்குக. பின்னர் வானவன்மாதேவி ஈச்சுரத்திற்குச் சென்று, சாசன எழுத்துகளுள் தெரிந்தவற்றை மாணவர் விரலால் தொடாமல் கண்ணால் எழுத்துக்கூட்டுமாறு செய்க. அதன் எண்ணைப் பின்னர்ச் சொல்லலாம். அதன்பின் நூதனசாலையுட் புகுந்து, சீட்டைப் படிக்குமுன் திருமேனியைப் பார்க்கச் சொல்லுக. முன்னின்று பார்த்தபின், இடம் இருப்பின் பின்புறமும் சென்று பார்க்கச் சொல்லுக. பீடத்தின் துளைகளைக் காட்டி, இவை எதற்கு என வினவுக. அவ்வினாவிற்கு விடை சொல்லப் பின்வரிசையில் நிற்கும் தோட்டத்துப் பிள்ளையே முதலில் கையுயர்த்தும்.